பெர்த்துக்குப் போன தாய்மாமன்

பிரிக்பீல்ட்ஸ்,
21 ஜூலை 2025

அன்பு மச்சானுக்கு,

பரமேஸ்வரன் எழுதுவது. வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்துவிட்டீர்கள். மூன்று நாள் என் செய்திகளுக்கு ஒற்றை டிக்தான். நாலாம் நாள் உங்கள் முகப்படமும் காணாமல் போனது. அப்போதுதான் மண்டையில் ஏறியது. உங்கள் தங்கை லெட்சுமியின் போனிலிருந்து அழைத்திருக்கலாம். "ஏன், உங்க போனுக்கு என்னா ஆச்சு?" என்று கேட்பாள். ஆகவே கடிதம். தபால் நிலையத்தில் ஸ்டாம்பு கேட்டேன். "பார்சலா அங்கிள்?" என்றாள் கௌண்டரில் இருந்த பெண். "இல்லம்மா, கடிதம்" என்றேன். ஜப்பான்காரன் ஆட்சிக்காலத்துச் செல்லாத வாழைமர நோட்டை மாற்ற வந்தவனைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் 31 மலர்விழிக்கு நிச்சயதார்த்தம். அன்று வேலை, வர முடியாது என்று லெட்சுமியிடம் சொன்னீர்களாம். இரண்டு நாளாக அவள் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறாள். என் மகளுக்கு இருப்பது ஒரே தாய்மாமன். தட்டு மாற்றும்போது அந்த இடத்தில் யாரை நிற்க வைப்பது? முப்பது வருஷமாகக் கல்யாண அட்டை அடிக்கிறவன் நான். 'தாய்மாமன்' வரி இல்லாத அட்டை என் கடை வாசலைத் தாண்டியதில்லை.

கோபம் அந்தச் சனிக்கிழமையால்தான் என்று தெரியும். என் பக்கத்தையும் கேளுங்கள்.

சம்பந்தி ஜீவன், டத்தோ பட்டம் வாங்கிய எலும்பு டாக்டர் என்பது உங்களுக்குத் தெரியும். "பரமேஸ், நம்ம கிளப்புக்கு வாங்க, சும்மா ஒன்பது குழி கோல்ஃப் ஆடலாம்" என்றார். நான் ஆடிய ஒரே ஆட்டம் கேரம். மாட்டேன் என்று சொல்ல நாக்கு வரவில்லை. மகளைக் கொடுக்கிற இடம். எதிர்வீட்டு லோகனின் ஷூவை இரவல் வாங்கினேன். இரண்டு அளவு பெரியது. நாளிதழின் மரண அறிவித்தல் பக்கத்தைச் சுருட்டி முன்னால் அடைத்தேன். காலர் வைத்த சட்டைதான் போடவேண்டுமாம். என்னிடம் இருந்த ஒரே காலர் டி-சர்ட்டின் முதுகில் 'பரமேஸ் திருமண அட்டைகள்' என்று கடைப்பெயரும் போன் நம்பரும் கொட்டை எழுத்தில். அதனால் டத்தோவுக்கு முதுகைக் காட்டாமல், சந்நிதியிலிருந்து வெளியேறுகிறவன் மாதிரி பின்னோக்கியே நடந்தேன். ஒரு பூந்தொட்டியைச் சாய்த்தேன். அதற்கு மன்னிப்பும் கேட்டேன், தொட்டியிடம்.

உள்ளே போனால் கருமரச் சுவர். மீசை வைத்த வெள்ளைக்காரர்கள் வரிசையாக என்னை முறைக்கிறார்கள். நூறு வருஷத்துத் தலைவர்களின் பெயர்கள் பலகையில் தங்க எழுத்தில். என் கண் தொழில் கண். எழுத்தைத் தடவிப் பார்க்கக் கை போய்விட்டது. சிப்பந்தி ஒருவர் இருமினார். வெளியே மழைமரங்களுக்கு நடுவில் புல்தரை, மாப்பிள்ளை முகம் மாதிரி மழமழவென்று.

அங்கே, முதல் குழியின் தொடக்கத்தில், அந்த உடுப்பில், இரண்டு பையோடு நீங்கள்.

சத்தியமாக எதிர்பார்க்கவில்லை மச்சான். நீங்கள் இன்னும் கிள்ளான் பக்கத்து கிளப்பில்தான் இருக்கிறீர்கள் என்று நினைத்திருந்தேன். இடம் மாறியதைத் தீபாவளிக்கே என்னிடம் சொன்னீர்கள் என்கிறாள் லெட்சுமி. அப்போது நான் ஆட்டெலும்போடு போராடிக்கொண்டிருந்தேன்.

என் வாய் என்ன சொன்னது? "வணக்கம்ணே." அவ்வளவுதான். 'ஏய்' என்றேனா? 'நீ' என்றேனா? அண்ணே என்று மரியாதையாகத்தானே சொன்னேன்? நீங்களும் "வாங்க பாஸ்" என்றீர்கள். கணக்குச் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். என் முதல் அடியில் தோசை அளவுக்கு மண் பெயர்ந்தது. இரண்டாவது அடியில் பந்து மழைமரத்தில் பட்டு நம்மைத் தாண்டிப் பின்னால் போனது. குளத்தோரத்து உடும்பு தலையைத் திருப்பிப் பார்த்தது. "கட்டைவிரலைக் கீழ வைங்க பாஸ்" என்று நீங்கள்தான் காதோரம் சொன்னீர்கள். அதற்கப்புறம்தான் பந்து முன்னால் போனது. நன்றி.

இதற்கா இவ்வளவு கோபம்? வந்துவிடுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை,
பரமேஸ்வரன்


பெர்த், ஆஸ்திரேலியா,
27 ஜூலை 2025

வணக்கம் பாஸ்,

இங்கே நல்ல குளிர். கங்காருகள் சௌக்கியம். தபால் முத்திரையில் கிள்ளான் என்று இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

நீளமாக எழுதியிருக்கிறீர்கள். ஷூ இருக்கிறது, சட்டை இருக்கிறது, உடும்பு இருக்கிறது. ஐந்தாவது குழியைக் காணோம். நான் எழுதுகிறேன்.

நான் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டத்தோ பந்தைத் தட்டப் போகிறவர், நிமிர்ந்து உங்களிடம் கேட்டார்: "ஆமா பரமேஸ், பொண்ணோட தாய்மாமன் என்ன பண்றாரு? ஒரு நாள்கூடப் பார்த்ததில்லையே."

நீங்கள் சொன்னீர்கள்: "அவரு பெர்த்ல இருக்காரு டத்தோ. வர்றது கஷ்டம்தான்."

கொடிக்கும் உங்களுக்கும் மூன்றடி தூரம்.

கொடி பிடிக்கிறவன் நிழல் குழிமேல் விழக்கூடாது. அது எங்கள் வேலையில் முதல் பாடம். அன்றைக்கும் நிழலை ஒதுக்கிக்கொண்டுதான் நின்றேன். ஆளையும் ஒதுக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

அண்ணே என்றது மரியாதைதானே என்று கேட்கிறீர்கள். இருபத்தெட்டு வருஷமாக என்னை மச்சான் என்று கூப்பிட்டவர் நீங்கள். இந்த ஊரில் அண்ணே யார்? ரொட்டி சானாய் போடுகிறவர் அண்ணே. கார் நிறுத்த இடம் காட்டுகிறவர் அண்ணே. டத்தோவும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறார். அவர் கூப்பிட்டால் குறையில்லை, அவருக்கு நான் உறவில்லை. மச்சான் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தால் அது கதவைச் சாத்துகிற சத்தம். மரியாதைச் சொல்லை வைத்தே ஒருவனை யாரோ ஆக்கிவிட உங்களால்தான் முடியும். நான் பாஸ் என்றது, நீங்கள் சாத்திய கதவை உள்ளே யாரும் எட்டிப் பார்த்துவிடாமல் தாழ்போடத்தான்.

31ஆம் தேதி சுதந்திர தினம், கிளப்பில் மெர்டேக்கா போட்டி. எனக்கு வேலை. தங்கச்சியிடம் அதைத்தான் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை.

முகுந்தன்


பிரிக்பீல்ட்ஸ்,
2 ஆகஸ்ட் 2025

மச்சான்,

உங்கள் கடிதத்தைக் கடையில் நின்றபடி படித்தேன். மேலே 'பெர்த்' என்று பார்த்ததும் காது சுட்டது. வாடிக்கையாளர் ஒருவர் "யாரு, ஆஸ்திரேலியாவில சொந்தமா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். பாருங்கள், அதற்கும் தலையாட்டினேன். அப்புறம் கடிதத்தை மஞ்சள் உறைக்கட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, அரைமணி நேரம் யார் முகத்தையும் பார்க்காமல் உறைகளை எண்ணினேன். எத்தனை என்று இப்போது கேட்டால் தெரியாது.

ஐந்தாவது குழியை நான் மறந்து விட்டுவிடவில்லை. தெரிந்தே தாண்டினேன். நீங்கள் காதில் வாங்கியிருக்கமாட்டீர்கள் என்று ஒரு நப்பாசை. மூன்றடி என்றா சொன்னீர்கள்? எனக்கு அது இரண்டடியாகத்தான் ஞாபகம்.

ஏன் பெர்த்? கேட்டால் சிரிப்பீர்கள், இல்லை சிரிக்கமாட்டீர்கள். நாலாவது குழியில் டத்தோ தன் குடும்பத்தைச் சொல்லிக்கொண்டு வந்தார். தம்பி லண்டன். தங்கை மெல்போர்ன். மாப்பிள்ளைப் பையன் விமலன் படித்தது எடின்பரோ. என் மனதுக்குள் எங்கள் பட்டியல் ஓடியது: செந்தூல், கிள்ளான், பூச்சோங், கேரி தீவு. வாயில் லண்டன்தான் வந்தது. அளவுக்கு மீறக் கூடாது என்று பெர்த்தில் நிறுத்திக்கொண்டேன். பொய்யிலும் சிக்கனம் பார்க்கிற குடும்பம்.

வாய் தவறிவிட்டது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது உண்மையில்லை. முதல் குழியிலிருந்து ஐந்தாவது வரை எனக்கு நாலு குழி நேரம் இருந்தது. நாலு குழியும் நடந்தபடி 'இப்பச் சொல்லிடலாம், இப்பச் சொல்லிடலாம்' என்றுதான் இருந்தேன். ஒவ்வொரு குழியிலும் நீங்கள் என் மட்டையைத் துடைத்துக் கொடுத்தீர்கள். மட்டையை வாங்கியதும் தைரியம் போய்விட்டது.

இனி நடக்கவேண்டியதைப் பார்ப்போம். கோபப்படாமல் படியுங்கள். அன்றைக்கு உங்கள் முகத்தில் பாதியைத் தொப்பி மறைத்திருந்தது, மீதியைத் துண்டு. டத்தோ பந்தைப் பார்க்கிற ஆள், ஆளைப் பார்க்கிறவர் இல்லை. நீங்கள் கோட்டுப் போட்டு, தலையை வாரி, பெர்த்திலிருந்து வந்ததாகவே மண்டபத்துக்கு வந்தால் அவருக்கு அடையாளம் தெரியாது. கோட்டு என் செலவு. தாய்மாமனும் கிடைத்த மாதிரி, என் மானமும் தப்பிய மாதிரி. லெட்சுமிக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

மேலே உள்ள பத்தியை எழுதி முடித்துவிட்டு ஒரு தடவை படித்தேன். எனக்கே கூசுகிறது. ஆனால் வேறு வழி தோன்றவில்லை. உறையில் ஸ்டாம்பும் ஒட்டிவிட்டேன்.

பரமேஸ்வரன்


கிள்ளான்,
10 ஆகஸ்ட் 2025

பாஸ்,

டத்தோவுக்கு என்னை அடையாளம் தெரியாதா? எட்டு மாதமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் பையைத் தூக்குகிறேன். அவருக்கு எந்த முட்டி வலிக்கும் என்று எனக்குத் தெரியும். வெயிலில் எனக்குத் தலை சுற்றினால் அவர் தன் தண்ணீரைத் தருவார். தொப்பிக்குக் கீழே யார் என்று தெரியாமல் இருந்தது அவருக்கு இல்லை.

நேற்றும் சனிக்கிழமை. இரண்டாவது குழியில் டத்தோ போனை எடுத்து என்னிடம் நீட்டினார். "அண்ணே, என் வருங்கால மருமகளைப் பாருங்க." மலர்விழியும் அந்தப் பையனும் நிற்கிற படம். பிள்ளை காதில் ஜிமிக்கி.

அந்தக் காது என் மடியில் குத்திய காது. பத்துமலை அடிவாரத்தில். கத்தியதில் என் வேட்டியை நனைத்துவிட்டாள். நீங்கள் பார்க்கமாட்டேன் என்று வெளியே போய் நின்றீர்கள்.

"நல்லா இருக்காங்க டத்தோ" என்றேன். "இருக்காங்க" என்றேன், என் மருமகளை. பிறகு அவர் சொன்னபடி பந்தைத் துடைத்துக் கொடுத்தேன்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீங்கள் சொன்ன பொய்யை நீங்கள்தான் எடுக்கவேண்டும். புல்லைப் பெயர்த்தவன்தான் மண்ணைப் போட்டு மூடவேண்டும் என்பது அந்தத் திடலின் வழக்கம். பணக்காரர்களும் செய்கிறார்கள்.

இன்னொன்று. உங்கள் இரண்டு கடிதத்தையும் விரல் வைத்துத் தேடிவிட்டேன். 'அந்த உடுப்பில்' என்று இருக்கிறது. 'இரண்டு பையோடு' என்று இருக்கிறது. நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை. எனக்கு எழுதுகிற கடிதத்தில்கூட எழுதக் கூச்சமா? என் வேலைக்கு ஒரு பெயர் உண்டு. அந்த வேலையில்தான் மலர்விழியின் சடங்குக்குச் சீர் செய்தேன்.

கோட்டு வேண்டாம். நான் வந்தால் கிள்ளானிலிருந்துதான் வருவேன்.

முகுந்தன்


பிரிக்பீல்ட்ஸ்,
18 ஆகஸ்ட் 2025

மச்சானுக்கு,

லெட்சுமியிடம் சொல்லிவிட்டேன். முதலில் அவளிடம்தான். முழுக்கக் கேட்டாள். கத்துவாள் என்று எதிர்பார்த்து ஜன்னலைக்கூடச் சாத்தி வைத்திருந்தேன். கத்தவில்லை. "எங்க அண்ணனையா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அன்றிலிருந்து தோசை வருகிறது, சட்டினி வருவதில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

நேற்று ஞாயிறு காலை கிளப்புக்குப் போனேன். அன்று உங்களுக்கு விடுமுறை என்று விசாரித்துக்கொண்டுதான் போனேன். அதிலும் ஒரு கோழைத்தனம், அதையும் எழுதிவிடுகிறேன். வேண்டுமென்றே அதே சட்டையைப் போட்டுப் போனேன், முதுகில் கடைப்பெயரோடு. இந்த முறை நேராகவே நடந்தேன். தொட்டிகளுக்குச் சேதமில்லை.

டத்தோ வராந்தாவில் கோப்பியோடு உட்கார்ந்திருந்தார்.

"டத்தோ, பெர்த்ல யாரும் இல்ல" என்றேன்.

"என்ன பரமேஸ், ஃபிளைட் கிடைக்கலையா? டேட் மாத்திக்கலாம் லா."

"ஆளே அங்க இல்ல டத்தோ. மலரோட தாய்மாமன் இங்கதான் இருக்காரு. உங்க பையைத் தூக்கறாரே, முகுந்தன். அவர்தான். என் மச்சான். கேடியா இருக்காரு. அன்னைக்கு நான் வெக்கப்பட்டு மறைச்சிட்டேன்."

கோப்பியைக் கீழே வைத்தார். எனக்கு ஷூவுக்குள் கால் வேர்த்தது.

"போன வாரம் அவர்கிட்ட போட்டோ காட்டினேன்" என்றார்.

"தெரியும் டத்தோ."

"'நல்லா இருக்காங்க'ன்னு சொன்னாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'சரி அண்ணே, பந்தைத் துடைங்க'ன்னேன்." என் பக்கம் திரும்பி, "நீங்க பொய் சொன்னீங்க, அது உங்க தப்பு. எட்டு மாசத்தில நான் அவரை ஒரு வார்த்தை கேட்டதில்லையே, உங்களுக்கு யாரு இருக்காங்கன்னு" என்றார்.

கோப்பியைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார். கல்யாணம் உண்டா இல்லையா என்று சொல்லவில்லை. வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. மாலையில் அவர் மனைவி லெட்சுமிக்குப் போன் செய்தார். கேட்டது ஒரே கேள்வி: "தாய்மாமனுக்கு மரியாதை செய்யணும், நாலு முழ வேட்டியா, எட்டு முழமா?" லெட்சுமி போனை வைத்துவிட்டு அழுதாள். இன்று காலை தோசையோடு கொஞ்சம் சட்டினி வந்தது. கொஞ்சம்தான்.

இதோடு அழைப்பிதழ் வைத்திருக்கிறேன். ஏற்கெனவே அடித்ததில் 'தாய்மாமன்' வரியே இல்லை. அப்படி ஒரு அட்டையை நான் அடித்திருந்தேன். அதை முழுவதும் ஓரமாகத் தள்ளிவிட்டுப் புதிதாக அடித்தேன். எழுத்து கோத்தது நானே. வேலைப்பெயரை மறைத்தேன் என்றீர்கள். இனி ஒளிவு மறைவு இல்லை. தங்க எழுத்தில், உங்கள் பெயரை ஒட்டியே போட்டிருக்கிறேன். கிள்ளான் சொந்தம் முழுவதற்கும் இன்று காலையே தபாலில் சேர்த்துவிட்டேன்.

வாருங்கள் என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. மேடையில் உங்கள் நாற்காலியில் வேறு யாரையும் உட்கார வைக்கமாட்டேன். காலியாக இருந்தால் காலியாக இருக்கட்டும். ஏன் என்று கேட்கிறவர்களுக்கு நானே சொல்கிறேன்.

பரமேஸ்வரன்


கிள்ளான்,
24 ஆகஸ்ட் 2025

மாப்பிள்ளை,

உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாளே அட்டை பக்கத்து வீட்டுக்கு வந்துவிட்டது. அங்கே இருக்கிற நம் சொந்தம் இராஜம்மா அக்கா அதைத் தூக்கிக்கொண்டு செருப்புப் போடாமல் ஓடி வந்தார். "டேய் முகுந்தா! உன் மாப்பிள்ளைக்கும் உனக்கும் என்னடா சண்டை? உன்னை ரௌடின்னு அச்சடிச்சு ஊரெல்லாம் அனுப்பியிருக்கான்!"

வாங்கிப் படித்தேன். 'தாய்மாமன்: திரு. முகுந்தன், கேடி, கிள்ளான்.'

முப்பது வருஷம் அட்டை அடிக்கிறவரே, கோல்ஃப் பை தூக்குகிறவனும் கேடி, போலீஸ் தேடுகிறவனும் கேடி என்று உங்களுக்கு ஒரு நிமிஷம் தோன்றவில்லையா? பெட்ரோல் நிலையத்தில் "வாங்க கேடி" என்கிறார்கள். கோயிலில் குருக்கள் விபூதி கொடுக்க யோசிக்கிறார். கிளப்பில் எங்கள் ஓய்வறைச் சுவரில் அட்டையை ஒட்டிவிட்டார்கள். சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கிளப்பில் தங்க எழுத்தில் பேர் வந்த முதல் கேடி நான்தான்.

நேற்று டத்தோ வந்தார். தன் பையைத் தானே தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அண்ணே என்று ஆரம்பித்து விழுங்கிவிட்டார். "பையைக் குடுங்க டத்தோ, அது என் வேலை" என்றேன். "31ஆம் தேதி மட்டும் எனக்கு லீவு. மெர்டேக்கா போட்டிக்கு வேற ஆளு சொல்லிட்டேன்." கொடுத்தார். முதல் பந்தைக் குளத்தில் அடித்தார்.

ஐந்தாவது குழியை நான் மறக்கவில்லை. அங்கே கொடியைப் பிடிக்கும்போதெல்லாம் பெர்த் ஞாபகம் வருகிறது. போகிறபோது போகட்டும். வாட்ஸ்அப்பையும் இப்போதைக்குத் திறப்பதாக இல்லை. கடிதத்தில்தான் நீங்கள் கொஞ்சமாவது உண்மை பேசுகிறீர்கள்.

31ஆம் தேதி வருகிறேன், என் மோட்டார் சைக்கிளில். லெட்சுமியை எட்டு முழம் என்று சொல்லச் சொல்லுங்கள். அட்டையைத் திருத்தி மறுபடி அடிக்க வேண்டாம். மேடையில் பெயர் வாசிக்கும்போது அச்சில் உள்ளபடியே வாசிக்கட்டும். யார் அந்தக் கேடி என்று சபை திரும்பிப் பார்க்கும்போது, நான் எழுந்து உங்கள் பக்கம் கையைக் காட்டுகிறேன்.

உங்கள் மச்சான்,
முகுந்தன்